ஒரு பஸ் = 3.7 கார்

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உயிரோடுதான் இருக்கிறேன், அம்மாவிடம் விசாரிக்க வேண்டாம். நீ ஜூனியர் இன்ஜினியர் ஆன சேதியை மேம்பாலம் மாணிக்கம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு ராணி அக்கா மெஸ்ஸில் ஒரு முழுச் சாப்பாடு அபராதம். வாழ்த்து அதற்கப்புறம்தான்.

எம்.இ. எப்படி என்று கேட்டிருந்தாய். முதல் வருஷம் ஜாலி. தார்க் கலவையின் பலத்தைப் பார்க்கிற மார்ஷல் டெஸ்டுக்கு, கலவைக் கட்டியின் ஒவ்வொரு பக்கமும் சுத்தியலால் 75 அடி அடித்துத் தோள்பட்டை கழன்றது, அவ்வளவுதான். இப்போது பிராஜெக்ட். அங்கேதான் வந்தது வினை.

ஒரு ஜங்ஷனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி வண்டி எண்ணுகிறேன். 15 நிமிடத்துக்கு ஒரு வரிசை. பைக், ஆட்டோ, கார், பஸ் என்று தனித்தனிக் கட்டம். எண்ணியதையெல்லாம் கார்க் கணக்குக்கு மாற்ற வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் நீ உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாயே, அதே ஐ.ஆர்.சி. 106, இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் போட்ட பி.சி.யு. அட்டவணை; எந்த வண்டி எத்தனை காருக்குச் சமம் என்று சொல்வது. கைவண்டிக்கும் குதிரை வண்டிக்கும்கூட அதில் எண் உண்டு. நடந்து போகிறவருக்குக் கிடையாது.

போன வாரம் ஒரு பஸ், படியில் ஏழெட்டுப் பேர் தொங்க, திரையில் திரும்பியது. நான் பஸ் கட்டத்தில் '1' போட்டேன். எக்செல் அதை 3.7 கார் ஆக்கியது. பின்னாலேயே நாலு கார், பெரும்பாலும் ஓட்டுகிறவர் மட்டும். அது 4. ஆக அறுபது எழுபது பேரும் நாலைந்து பேரும் ஏறக்குறைய சமம்! இன்னொரு கூத்து கேள். அட்டவணையில் பஸ், லாரியின் பங்கு 5 சதவீதமாக இருந்தால் ஒன்றுக்கு 2.2, 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் 3.7. பஸ் கூடக் கூட ஒவ்வொரு பஸ்ஸும் கனத்துக்கொண்டே போகிறது.

கணக்கில் தப்பில்லை டி. எவ்வளவு இடத்தை அடைக்கிறது, எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. இப்போது வேகத்தையும் வண்டியின் பரப்பையும் வைத்து பி.சி.யு.வை அந்தந்த இடத்திலேயே கணக்கிடுகிறார்கள். அதிலும் உள்ளே எத்தனை பேர் என்ற கேள்வியே வராது. ஆனால் இந்தத் தாளை வைத்துத்தானே பச்சை விளக்கு யாருக்கு எத்தனை நொடி என்று முடிவாகிறது? 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது; உன் அம்மா சந்தைக்கு அதில்தான் போகிறார். சிக்னலில் அவருடைய பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டு, இலவசம் என்று சொல்லி என்ன பயன்? எனக்கு இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

ஜங்ஷனை வண்டிக்கணக்கில் இல்லாமல் ஆள்கணக்கில் அளக்கிறேன் என்று கைடிடம் கேட்டேன். "பஸ்ஸுக்குள் ஏறி எண்ணுவாயாம்மா?" என்றார். வெளியே நின்று பார்த்தே, சீட் காலி, சீட் நிறைந்தது, நிற்கிறார்கள், தொங்குகிறார்கள் என்று தரம் பிரித்து மதிப்பிடலாம், வழக்கத்தில் இருக்கும் முறைதான் என்றேன். "ஜூனில் முடிக்கணும், நினைவிருக்கட்டும்" என்றார். மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. மனிதர் நல்லவர், அதுதான் கஷ்டம்.

மாணிக்கத்திடம் புலம்பியபோது, புது ரோடு போட்டால் சில இடங்களில் எல்லோருக்குமே பயண நேரம் கூடும், 1968-லேயே பிரேஸ் என்ற ஜெர்மன்காரர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார் என்றேன். "ஊருக்குள் சொல்லிவிடாதே, எனக்கு இரண்டு டெண்டர் பாக்கி" என்கிறான். திருந்தாத ஜென்மம்.

அப்புறம், உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். கைடிடம் வெறுங்கையோடு மறுபடி போக முடியாது. ஒரு நாள் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை வண்ணாரப்பேட்டையில் நின்று, போகிற பஸ்களை அந்த நாலு தரத்தில் குறித்து அனுப்பு. கூட ஒருவரைக் கூட்டிக்கொள், நீ தனியாக எண்ணினால் சர்வே கேம்ப்பில் எண்ணிக்கை தப்பிய கதைதான். தாளின் மாதிரியை வாட்ஸ்அப்பில் போடுகிறேன். புதன்கிழமைக்குள் வேண்டும்.

கௌரி