நீ படமெடுத்து அனுப்பிய சிலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நியூகாசில் ஸ்டேஷன் பக்கத்துப் பேராலயத்தை ஒட்டி நிற்கிற சிலையைப் படமெடுத்து அனுப்பி, 'இது யாருப்பா, நம்ம ஆளா?' என்று கேட்டிருந்தாய். நம்ம ஆள்தான், கத்தோலிக்கர், கர்தினால் பேசில் ஹியூம். 1923இல் உன் ஊரிலேயே பிறந்தவர், நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணி என்றால் அவருக்கு உயிர். அப்பா புராட்டஸ்டண்ட் டாக்டர், அம்மா பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பெண்.

பதினெட்டு வயதில் யார்க்‌ஷயரில் ஆம்பிள்போர்த் மடத்தில் சேர்ந்துவிட்டார். அது ஆசீர்வாதப்பர் (பெனடிக்டின்) சபை மடம். அந்தச் சபைத் துறவிகள் சேர்ந்த மடத்திலேயே கடைசிவரை இருப்பதாக வார்த்தைப்பாடு கொடுப்பவர்கள். இவரும் அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, ரக்பி பழக்கிக்கொண்டு இருந்தார், 1963இல் மடத்துக்கே தலைவரானார். 1976இல் திடீரென்று ரோமிலிருந்து ஓலை, லண்டனுக்குப் போய் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக இரு என்று! போனார். பட்டம் ஏற்ற அன்றே தன் மடத்துத் துறவிகளோடு ஆங்கிலிக்கன்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போய் மாலைச் செபம் பாடினார். அதுவும் ஒரு காலத்தில் ஆசீர்வாதப்பர் மடம்தானே, அந்தத் துறவிகளின் பாட்டு அங்கே கேட்டு 400 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு மாதத்தில் கர்தினால்.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதற்கெல்லாம் இல்லை. 1974இல் இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டில் குண்டு வெடித்து, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். அவனுக்கு உதவலாம் என்று கப்பலேறி வந்த அப்பன் ஜூசெப்பே கான்லனையும் சேர்த்துப் பிடித்து, வெடிமருந்து வைத்திருந்ததாகச் சொல்லிப் பன்னிரண்டு வருஷம் போட்டுவிட்டார்கள். நுரையீரல் கெட்டுப்போன மனுஷன். கர்தினால் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தார், பேசினார், இவன் குற்றவாளி இல்லை என்று அவருக்குப் பட்டுவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் ஆயுதக்குழு ஐ.ஆர்.ஏ.வின் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதை இங்கிலாந்தில் சொல்வது லேசான காரியமா? கான்லன் 1980 ஜனவரியில் கைதியாகவே செத்துப்போனார். செத்தவருக்கு இனி என்ன என்று இவர் விடவில்லை, பழைய உள்துறை அமைச்சர்களையும் நீதிபதிகளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அரசாங்கத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தார். மகன் 1989இல் வெளியே வந்தான். அப்பன் பெயர் மீதிருந்த தீர்ப்பு 1991இல்தான் ரத்தானது. மகனுக்காகக் கப்பலேறிய அந்த அப்பனை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்கிறது, நீ வேறு அந்தத் தேசத்தில் இருக்கிறாய்.

1999 ஏப்ரலில் கர்தினாலுக்குப் புற்றுநோய், ஆபரேஷன் செய்ய முடியாத நிலை. ஆம்பிள்போர்த் மடத்துத் தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னாராம். அந்தப்பக்கம் வந்த பதில்: 'வாழ்த்துகள்! அருமையான செய்தி, நானும் உங்களோடு வரக்கூடாதா என்றிருக்கிறது.' கடவுளிடம் போகிறவருக்கு வாழ்த்து! கர்தினாலுக்கு ரொம்ப சந்தோஷமாம். ஜூன் 17இல் போய்ச் சேர்ந்தார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். 'உங்களுக்கு ஏதாவது ஆனால் யாராவது இப்படி வாழ்த்துச் சொல்லிப் பார்க்கட்டும்' என்று கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா