நீ அனுப்பிய மேசு

அன்புள்ள மகளுக்கு,

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அந்த இறுக்கமான மேசுக் காலுறையை அப்பாவுக்கு நான் போடவில்லை. கோபிக்காதே, ஏனென்று சொல்கிறேன்.

கிளினிக்குக்கு அதைக் கையோடு கொண்டுபோனேன். தாதி மிஸ்ஸி அப்பாவின் புறங்காலில் இரண்டு விரலை வைத்து நாடி தேடினார், பிறகு உள் கணுக்காலுக்குப் பின்னால். என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். இடக்காலில் மெல்லத் துடித்தது. வலக்காலில் எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. "இது இரத்தம் சரியாக இறங்காத கால் அம்மா, இறுக்கினால் வருகிற கொஞ்சமும் குறைந்துபோகும்" என்றார். இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டொப்ளர் ஸ்கேனுக்குத் துண்டும் எழுதித் தந்திருக்கிறார்கள்.

சின்னம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே கால் வருத்தம் என்று நினைக்காதே. சின்னம்மாவுக்கு இருப்பது வேறு, மகள். அவருக்கு இறங்கிய இரத்தம் மேலே ஏறாமல் தேங்குகிறது. அதுதான் பின்னேரத்தில் வீக்கமும் கணுக்காலைச் சுற்றிக் கறுப்பும். அவர் காலை உயர்த்தி வைக்கவேண்டும். அப்பா உயர்த்தினால் பாதம் வெளிறி நோகும். இராத்திரியில் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிடுகிறார் என்று எத்தனை நாள் ஏசினேன்! அப்படி விட்டால்தான் அவருக்கு நோ குறைந்திருக்கிறது. நினைக்க மனம் தாங்கவில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிப்போ என்று ஊரெல்லாம் சொல்கிறது. அப்பாவின் சீனி வருத்தக் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்தாலும் தெரியாமல் போகலாம். சுடுதண்ணீர்ப் போத்தலும் வைப்பதில்லை. தளர்வான பருத்தி மேசு போதும். கோணேசர் கோயிலுக்கும் விடியவே போய் வருகிறோம், வெயில் ஏறினால் அந்தக் கல் சுடும்.

இரவில் அப்பாவின் பாதத்தை மடியில் வைத்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, குதிகாலுக்கு மட்டும் எண்ணெய். போன கிழமை சின்ன விரலில் மிளகளவு சிவப்பு, செருப்பு வார் உரசியிருக்கிறது. உடனே செருப்பை மாற்றினோம். புண்ணாகவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

உன் மேசு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. சின்னம்மாவின் நாடியைப் பார்த்து, காலை அளந்த பிறகு அவருக்குச் சரிவருமா என்று மிஸ்ஸி சொல்வார்.

சுருட்டைத்தான் அப்பா இன்னும் விடவில்லை. நாளுக்கு ஒன்றுதானே என்கிறார். அந்த ஒன்றும் இரத்தக் குழாயைச் சுருக்கும். என் சொல் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எடுக்கும்போது நீ அவரோடு கதைத்துப் பார், உன் சொல்லைத் தட்டமாட்டார்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை