பத்து மணி நேரத்தையும் எடு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போன் பண்ணியபோது பின்னால் ஏலச் சத்தம். நான் சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். அப்பா பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குக் கேமரா மாட்டப் போயிருக்கிறார். கடையில் நான் மட்டும்தான், கூட்டமும் இல்லை.

லாரி லோடில் 40 பெட்டி குறைந்த விஷயத்துக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டிருக்கும் திங்கள் ராத்திரிக் கேமராப் பதிவை, அழியாதபடி லாக் பண்ணிவிட்டாயா? அதைச் சொல். "அடுத்த வாரம் நிதானமா எடுத்துக்கறேன்மா" என்றாய். அடுத்த வாரம் அது இருக்காது. உன் மண்டியில் 8 கேமரா, பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டிக்குள் இருப்பது 1 டிபி டிஸ்க். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் கணக்கில் பதிவானால் மணிக்கு 0.9 ஜிபி, நாளைக்கு 21.6 ஜிபி. எட்டையும் சேர்த்தால் நாளைக்கு 173 ஜிபி ஆகிறது. டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. ஞாயிறு மத்தியானத்துக்கெல்லாம் திங்கள் ராத்திரி மேல் புதுப் பதிவு ஏறிவிடும். இப்படிப் பழையதன் மேல் எழுதும் ஓவர்ரைட்டை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்தினால் டிஸ்க் நிரம்பியதும் பதிவே நின்றுபோகும், மண்டிக்குக் கேமரா இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் ஓவர்ரைட் ஓடட்டும். அந்த ராத்திரியின் பைல்களுக்கு மட்டும் பூட்டுப் போடு. உன் பெட்டியில் லாக் வசதி இல்லையென்றால் இன்றைக்கே எடுத்துவிடு.

இன்னொன்றும் போனிலேயே சொல்ல நினைத்தேன். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்று கணக்குப்பிள்ளை யோசனை சொன்னாராம். வேண்டவே வேண்டாம். டிவிஆர் அதில் எழுதும் முறை வேறு, விண்டோஸுக்கு அது புரியாது. புது டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு பார்மட் பண்ணட்டுமா என்று கேட்கும். யாராவது அவசரத்தில் 'யெஸ்' தட்டினால் அப்புறம் ரெக்கவரி ஆட்களிடம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதுதான்.

இப்போது எதை எடுப்பது என்ற விஷயம். ராத்திரி 2.10க்கு அந்த லோடுமேன் பெரியவர் இரண்டு தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவர் ஓரமாகப் போகிறார், அந்த நாலு நிமிஷத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதும் என்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. 2.40க்கு அவர் அதே பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்தாரா என்று நீ பார்த்தாயா? நசுங்கிய பெட்டியைத் தனியே வைத்திருக்கலாம். லாரி டிரைவர் கேரளாவில் இறக்கியபின் 40 பெட்டி குறைவு என்கிறார். இரண்டு பெட்டி தூக்கிய ஆளைக் காட்டி 40 பெட்டிக்குப் பதில் சொல்ல முடியாது. சாயங்காலம் 7 மணிக்கு லாரி கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து காலை 5 மணிக்கு வெளியே போனது வரை, பத்து மணி நேரமும் வேண்டும். கேட், எடைமேடை, லோடு ஏற்றும் இடம் என்று மூன்று கேமராவையும் எடு. ஸ்டேஷனிலும் ராத்திரி முழுவதையும்தானே கேட்டிருக்கிறார்கள். துண்டாக ஒன்றைக் கொடுத்தால் முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது, ஏன் மறைத்தாய் என்றுதான் முதல் கேள்வி வரும். 16 மடங்கு வேகத்தில் ஓட்டினால் பத்து மணி நேரம் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். கொடுக்கும் முன் நீயே ஒரு தடவை முழுதாகப் பார். அதுவரை அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்காதே. உன் கோபம் எனக்குத் தெரியும்.

ஒரு கேமராவுக்கு 9 ஜிபி, மூன்றுக்கு 27 ஜிபி ஆகும். ஆனால் இது 2 மெகாபிட் கணக்கு. உன் செட்டிங்கில் 4 மெகாபிட் இருந்தால் அப்படியே இரட்டிப்பாகி 54 ஜிபி வந்துவிடும். டிவிஆர் மெனுவில் என்கோட் பக்கத்தில் பிட்ரேட் என்று போட்டிருக்கும், பார்த்துக்கொள். எதற்கும் 64 ஜிபி பென்டிரைவாக இரண்டு வாங்கு. அந்த அளவுள்ளவை பல சமயம் எக்ஸ்ஃபாட் முறையில் பார்மட் ஆகி வரும், பழைய டிவிஆர் அதைக் கண்டுகொள்ளாது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. டிவிஆர் மெனுவிலேயே பார்மட் இருக்கிறது, அங்கேயே செய்தால் எடுத்துக்கொள்ளும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை.

பார்மட் ஆனதும் அது பெரும்பாலும் ஃபாட்32 ஆக இருக்கும். அந்த முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் டிவிஆர் தானாகவே துண்டு துண்டாக்கித்தான் கொடுக்கும். பயப்படாதே, அது கோளாறு இல்லை. பைல் பெயரிலேயே கேமரா எண்ணும் நேரமும் இருக்கும். பெயரை மட்டும் மாற்றாதே, "லோடு ராத்திரி பைனல்" என்றெல்லாம் வைத்தால் எது முன், எது பின் என்று அப்புறம் உனக்கே தெரியாது.

பேக்கப் மெனுவில் பத்து மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கொடுக்காதே. மணிக்கு மணி எடு. ஏழாவது மணியில் சிக்கினால் அந்த மணியை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். மெயின் ஸ்ட்ரீம் என்று இருப்பதைத் தேர்ந்தெடு. சப் ஸ்ட்ரீம் என்பது போனில் பார்ப்பதற்கான சின்னப் படம், லாரி நம்பர்கூடத் தெரியாது. எடுத்து முடித்தபின் மொத்தமே 2 ஜிபிதான் இருக்கிறது என்றால் சப் ஸ்ட்ரீமை எடுத்துவிட்டாய் என்று அர்த்தம். போன் ஆப்பிலிருந்து டவுன்லோட் பண்ணுகிற யோசனையும் வேண்டாம். இத்தனை ஜிபி உன் மண்டி நெட்டில் மேலே ஏறி உன் போனில் வந்து இறங்க வேண்டும், நடுவில் அறுந்தால் எங்கே அறுந்தது என்றும் தெரியாது.

வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் பிடுங்கிவிடுவாய். டிவிஆர் ஒரு பக்கம் எட்டுக் கேமராவையும் பதிவு செய்துகொண்டே இன்னொரு பக்கம் உனக்குப் பைலும் எடுத்துக் கொடுக்கிறது. வேகமாக வராது. நொடிக்கு 4 எம்பி வந்தால் 27 ஜிபிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஏலம் முடிந்து மத்தியானம் மண்டி அடங்கியபின் உட்கார். பெட்டி இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று முதலில் பார். பாதியில் கரண்ட் போனால் பென்டிரைவில் ஏறியதும் கெட வாய்ப்பு உண்டு.

டிவிஆர் கடிகாரத்தைக் கவனித்தாயா? நீ அனுப்பிய ஸ்கிரீன் போட்டோவில் அது 11 நிமிஷம் முந்தி ஓடுகிறது. இப்போது திருத்தாதே. திருத்தினால் பழைய பதிவில் இருந்த வித்தியாசம் என்ன என்று சொல்ல ஆதாரம் இல்லாமல் போய்விடும். உன் போனில் நேரத்தைத் திறந்து டிவிஆர் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒன்றாகத் தெரிய இன்னொரு போனால் படம் எடு. டோல்கேட் ரசீதில் ஒரு நேரம், கேட் கேமராவில் ஒரு நேரம் என்று வந்தால் அந்தப் படம்தான் உன்னைக் காப்பாற்றும். எல்லாம் எடுத்து முடித்தபின் நேரத்தைச் சரி செய்து, நெட்டிலிருந்து தானாக நேரம் எடுக்கும் என்டிபியை ஆன் பண்ணிவிடு.

லோடு ஏற்றும் இடத்துக் கேமராவை நீ மோஷன் ரெக்கார்டிங்கில் போட்டிருப்பதாக ஞாபகம். அசைவு இருந்தால்தான் பதிவாகும். டைம்லைனில் நடுநடுவே வெற்றிடம் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அழித்த மாதிரித் தோன்றும். அந்தக் கேமரா எந்த செட்டிங்கில் இருந்தது என்று கொடுக்கும் கடிதத்திலேயே எழுதிவிடு. செட்டிங் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்.

பைல்கள் .டிஏவி என்று முடிந்தால் சாதாரண பிளேயரில் சில சமயம் ஓடாது. பென்டிரைவிலேயே பிளேயர் சேர்ந்து வரும் பெட்டிகள் உண்டு. வந்தால் அதையும் அழிக்காமல் வைத்திரு. எம்பி4 ஆக மாற்றிக் கொடு என்று யாராவது கேட்டால் மாற்றிய பிரதியைத் தனியாகக் கொடு, மூலப் பைல் அப்படியே இருக்கட்டும். டிவி திரையைப் போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எதற்கும் உதவாது. வாட்ஸ்அப் வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும். அதோடு மண்டிக் குரூப்பில் எவனாவது போட்டுவிட்டால் அந்தப் பெரியவர் வீட்டுக்கு எப்படிப் போவார்?

எடுத்து முடித்ததும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு பைலையும் ஆரம்பம், நடு, கடைசி என்று ஓட்டிப் பார். மோஷனில் இருக்கும் கேமராவைத் தவிர மற்றவற்றில் ஒரு பைல் எந்த நொடியில் முடிகிறதோ அங்கேதான் அடுத்தது தொடங்க வேண்டும். டிவிஆர் 'பேக்கப் கம்ப்ளீட்' என்று சொன்னதை நம்பி எழுந்துவிடாதே. வேறு இடத்தில் ஓடிக் காட்டாத வரை அது உன் கையில் இல்லை.

சட்டப் பக்கம் கொஞ்சம். இந்த மாதிரி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க முன்பு 65பி சான்றிதழ் என்பார்களே, 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவு வந்துவிட்டது. படிவம் இரண்டு பாகம். ஒன்றில் கருவிக்குப் பொறுப்பானவன் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும், இன்னொன்றில் நிபுணர் போட வேண்டும். நிபுணர் யார் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள். அதில் பைலின் ஹாஷ் எண் கேட்பார்கள். விண்டோஸிலேயே சர்ட்யூட்டில் என்று ஒன்று இருக்கிறது, எஸ்ஹெச்ஏ256 என்று கொடுத்தால் நீளமாக ஓர் எண் வரும். பைலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும், அதனால்தான் அதைக் கேட்கிறார்கள். இரண்டு பென்டிரைவிலும் போட்டுப் பார், ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றை ஸ்டேஷனில் கொடு, மற்றது பீரோவில் இருக்கட்டும். கொடுக்கும்போது எத்தனை பைல், எந்தத் தேதி, எந்தக் கேமரா என்று எழுதி ரசீது வாங்காமல் வராதே.

வெள்ளிக்கிழமை அப்பா திண்டுக்கல் பக்கம் வருகிறார். 4 டிபி கண்காணிப்பு டிஸ்க் ஒன்று கொடுத்து அனுப்புகிறேன். எட்டுக் கேமராவுக்கு 23 நாள் தாங்கும். பழைய டிஸ்க்கை அவரே கழற்றி உறையில் போட்டுத் தேதி எழுதித் தருவார், கேஸ் முடியும் வரை அதைத் தொடாதே. உன் டிவிஆர் 4 டிபி எடுக்குமா என்று பார்க்க வேண்டும், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. டிஸ்க் பணத்தை ஜிபேயில் போட்டுவிடு, போன தடவை வாங்கிய இரண்டு கேமராவுக்கும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா