மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைப் பேரனிடம் காட்டு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை உங்கம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பையன் ஒன்பதாவது வந்துவிட்டான், "டிகிரி முடிச்சவங்களே பைக்ல சாப்பாடு கொண்டு போறாங்க, அப்புறம் நான் எதுக்குப் படிக்கணும்" என்று கேட்கிறான், மாப்பிள்ளை கோபத்தில் "அப்ப போய் மாடு மேய்" என்று கத்திவிட்டார், அதிலிருந்து அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதெல்லாம் போனில் பேசித் தீராது, அதான் எழுதுகிறேன்.

அவன் கேட்டதில் தப்பில்லை. பெங்களூரில் தினமும் கண்ணால் பார்ப்பதைத்தானே கேட்கிறான். மாடு மேய்ப்பதைச் சொல்லிப் பயமுறுத்துகிற வேலை மட்டும் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். நம்ம பக்கம் நாலு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிள்ளைகளைக் கரை சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். அதுவும் இல்லாமல், அவன் தாத்தாவே எட்டாவதோடு நின்று வெள்ளிப் பட்டறைக்குப் போனவன்தான்.

எதிர்வீட்டுப் பெரியப்பாவும் நானும் ஒரே வயசு, நம்ம சேலம் சிவதாபுரத்தில் ஒரே பள்ளிக்கூடம், உனக்குத் தெரியும். அவர் பத்தாவது முடித்து ஐடிஐயில் ஃபிட்டர் படித்தார். 1981ல் ஸ்டீல் பிளான்ட்டில் உற்பத்தி ஆரம்பித்த சமயத்தில் உள்ளே போய்விட்டார். இப்போது நான் சொல்லப் போவதைப் பேரன் நம்பமாட்டான்: தீபாவளிக்கு முன்னால் வடநாட்டு ஆர்டர் குவிகிற மாசங்களில் அவர் சம்பளத்தைவிட என் கூலிதான் அதிகமாக இருக்கும். ராத்திரி பகல் பார்க்காமல் வெள்ளியில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி சேர்ந்துவிடும். அதனால் படித்தவன் அதிகம் சம்பாதிப்பான் என்று மொட்டையாகச் சொன்னால் பையன் நாலு உதாரணம் காட்டி உன் வாயை அடைத்துவிடுவான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

வெள்ளி விலை தாறுமாறாக ஏறினால் ஆர்டர் நிற்கும், ஆர்டர் நின்றால் கூலி இல்லை, கை சும்மா இருந்தாலும் வயிறு சும்மா இருக்காது. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கும் கூலி இல்லை. பெரியப்பாவுக்கு லீவு போட்டாலும் சம்பளம் உண்டு. பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து நூற்றுக்கு 12 அவரிடம் பிடித்தால், கம்பெனியும் தன் பங்காக 12 போடும். அப்புறம் கிராஜுவிட்டி, வேலையை விட்டு வரும்போது மொத்தமாகக் கொடுக்கிற பணம். இதை அவனையே கணக்குப் போடச் சொல்: கடைசி மாச அடிப்படையும் பஞ்சப்படியும் 26,000 என்று வை, 30 வருஷ சர்வீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்துக்கு 26 நாள் என்று கணக்கு. நாளுக்கு 1,000, 15 நாளுக்கு 15,000. அதைப் பெருக்கல் 30 போட்டால் நாலரை லட்சம் வரும். எங்கள் பட்டறையில் இது எதுவும் கிடையாது, முதலாளி கெட்டவர் என்பதால் அல்ல. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான், கிராஜுவிட்டி 10 பேர் இருந்தால்தான். பட்டறையில் நாங்கள் இருந்ததே ஐந்தாறு பேர்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பெரியப்பா வீடு கட்டும்போது சம்பள சர்டிபிகேட்டைக் காட்டி வங்கியில் கடன் வாங்கினார். என்னிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை, மூணு வட்டிக்கு வெளியே வாங்கினேன். நூற்றுக்கு மாசம் 3 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36. வங்கியில் அதில் பாதிகூட வராது. அதே செங்கல், அதே சிமெண்ட், ஆனால் எனக்கு வீடு அவரைவிட எவ்வளவோ அதிக விலைக்கு விழுந்தது. அவர் ஒன்றும் பெரிய படிப்புப் படிக்கவில்லை, ஐடிஐதான்.

பைக்கில் சாப்பாடு கொண்டு போகிறவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் அவனிடம் சொல். எனக்கு எடைக்குக் கூலி, அவருக்கு ஆர்டருக்குக் கூலி. மழை பெய்து வண்டி எடுக்க முடியாத நாளில் அவர் என்ன செய்வார் என்று அவனையே யோசிக்க விடு. முடிந்தால் வீட்டுக்கு வருகிறவர் ஒருவரிடம் தண்ணீர் கொடுத்து அவனையே பேசச் சொல்லேன், மரியாதையாக.

டிகிரி முடித்தவர் அங்கே எப்படி வந்தார் என்பதற்கும் ஒரு பதில் வேண்டுமே. எல்லாருக்கும் ஒரே காரணம் இருக்காது. ஒன்று எனக்குத் தெரியும், கல்விக் கடன். வங்கியில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கமாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்ட ஆரம்பித்தால் போதும் என்பார்கள், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அந்த வட்டியைத் தள்ளிவிட்டு 4 லட்சத்துக்கு மட்டும் 10 சதவீதம், ஐந்து வருஷம் என்று போட்டாலே மாசம் சுமார் 8,500. வேலை கிடைக்காத படிப்புக்கு இதை வாங்கிவிட்டு 15,000 சம்பளத்தில் சேர்ந்தால், பிடிக்காத வேலையை விடவும் முடியாது, நல்ல வேலை வரும்வரை காத்திருக்கவும் முடியாது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவனுக்கு இப்போதே தெரியட்டும்.

பத்தாவதை மட்டும் ஒழுங்காகத் தாண்டட்டும். எட்டாவதுக்கும் ஐடிஐயில் சில பிரிவு உண்டு, ஆனால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது வேண்டும். நம்ம ஊரில் பாலிடெக்னிக் மூணு வருஷம் முடித்தால் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். புத்தகத்தோடு ஒட்டாத பையனுக்கு இது நல்ல வழி, மாப்பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றினாலும். பக்கத்து வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். பன்னிரண்டாவதோடு கட்டிக்கொடுக்க மாப்பிள்ளை தேடின வீடு அது. சின்னவளிடமும் இதையெல்லாம் பேசு, பெண் பிள்ளைதானே என்று விட்டுவிடாதே.

சம்பளத்தைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று மாப்பிள்ளை நினைக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மாசம் வீட்டுக் கணக்கைப் பையனே எழுதட்டும். வாடகை எவ்வளவு, அவன் ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, வண்டிக் கடன் போக என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கட்டும். அப்புறம் அவனுக்குப் பிடித்த ரெண்டு மூணு வேலைகளைச் சொல்லச் சொல், கேமராவோ கிரிக்கெட்டோ எதுவாக இருந்தாலும் சிரிக்காதே. அதற்கு என்ன படிக்கணும், என்ன செலவாகும், ஆரம்பத்தில் என்ன கிடைக்கும், எந்த ஊரில் இருக்கணும் என்று அவனே தேடட்டும். ஊர் முக்கியம் கண்ணு. அங்கே 40,000 வாங்கி வாடகைக்கே பாதி கொடுப்பதும் இங்கே சொந்த வீட்டில் 25,000 வாங்குவதும் எது மேல் என்று அவன் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

முழு ஆண்டு லீவுக்கு அவனை இங்கே அனுப்பு. ஏற்காடு போகணும் என்பான், கூட்டிப் போகிறேன். மற்ற நாளில் பட்டறையில் என்னோடு உட்காரட்டும், சாயந்திரம் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கட்டும். பாடம் கற்கத்தான் அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே, வரமாட்டான். லீவில் ரயில் சீக்கிரம் நிரம்பிவிடும், டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. மாப்பிள்ளை மனசு வைத்தால் சம்பளச் சீட்டு ஒன்றைப் பையனிடம் கொடுத்துவிடச் சொல், நான் என் பழைய கூலி நோட்டைத் தேடி எடுத்து வைக்கிறேன்.

அப்பா