வெளிநாட்டு ஷூட்டிங் போகும் கேமரா நண்பர்களுக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை நண்பர்களுக்கு வணக்கம். வெளிநாட்டு ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டால், சம்பளம் பேசும் முன் என்ன விசா என்று கேளுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சொந்த கேமரா கொண்டு போவதானால், அந்த நாடு ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில் ஏடிஏ கார்னே (பொருளைத் தற்காலிகமாக வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் கஸ்டம்ஸ் ஆவணம்) எடுத்துவிடுங்கள். நம் நாட்டில் தொழில் வர்த்தக சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கி தருகிறது, அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். அதில் லென்ஸ் வரைக்கும் சீரியல் நம்பரைப் பார்த்து எழுதுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கஸ்டம்ஸில் பதில் சொல்லி மாளாது. விமானத்தில் ஸ்பேர் பேட்டரி கைப்பையில்தான். 100 வாட்-ஹவர் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

அப்புறம், அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. இங்கே மண்டபத்தில் வைக்கும் 1/50 ஷட்டரை அங்கே வைத்தால் வீடியோவில் சில லைட்டுகள் மினுக்கும்.

வெளிநாட்டு ஷூட்டிங் போக விருப்பமுள்ளவர்கள் பாஸ்போர்ட் விவரத்தைக் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.