ரொறன்ரோவுக்குப் போகும் மகனுக்கு

கிளிநொச்சி

அன்பு மகனுக்கு,

பெட்டி கட்டும் அவசரத்தில் வாயால் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது. அதனால் எழுதித் தருகிறேன். விமானத்தில் ஒருமுறை வாசி, அறைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு இன்னொருமுறை வாசி.

கடவுச்சீட்டு, விசாவோடு வந்த அறிமுகக் கடிதம், கல்லூரியின் அனுமதிக் கடிதம், காசுக்கான வங்கிப் பத்திரங்கள், மருந்து, வைத்தியர் எழுதிய துண்டு எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி உன் கைக்கு வரமுன்னரே குடிவரவு அதிகாரிக்கு முன்னால் போய் நிற்பாய். இப்போது உன்னிடம் இருப்பது நாட்டுக்குள் நுழைவதற்கான விசா மட்டும். படிப்பு அனுமதிப் பத்திரத்தை ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில்தான் அச்சடித்துத் தருவார்கள். அதை வாங்கிய கையோடு நடக்கத் தொடங்காதே. அங்கேயே நின்று பெயர், பிறந்த திகதி, முடிவுத் திகதி மூன்றையும் எழுத்து எழுத்தாகப் பார். படிக்கும்போது வேலை செய்யலாம் என்ற வரி கீழே இருக்கிறதா என்றும் பார். எங்கள் ஆட்களின் பெயரில் தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அங்கே குழம்புவார்கள். பிழை இருந்தால் அந்த மேசையிலேயே பணிவாகச் சொல்லித் திருத்து. வெளியே வந்துவிட்டால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு முடியும் திகதியைத் தாண்டி அனுமதி தரமாட்டார்கள். அதற்காகத்தான் வவுனியாவுக்குப் போய்ப் புதிதாக எடுக்கச் சொன்னோம்.

பிறகு ஒன்றின் பின் ஒன்றாகச் செய். முதலில் போனுக்கு அந்த ஊர் இலக்கம். அடுத்தது சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம். சேர்விஸ் கனடா என்ற அரச அலுவலகத்துக்குக் கடவுச்சீட்டும் படிப்பு அனுமதியும் கொண்டுபோனால் காசில்லாமல் தருவார்கள். ஒன்பது இலக்கம், உனக்கு 9 இல் தொடங்கும். வேலை தருபவருக்கும் வங்கிக்கும் அது தேவை. வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, பேர்சுக்குள் வைத்துத் திரியவும் வேண்டாம். வங்கியில் மாணவர் கணக்கு என்று கேட்டுத் திற. கடனட்டை தந்தால் ஒவ்வொரு மாதமும் தவணைத் திகதிக்குள் முழுக் காசையும் கட்டு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வட்டி ஏறும்.

அறை விஷயத்தில் மிகக் கவனம். நேரில் பார்க்காத அறைக்கு ஒரு டொலர்கூட அனுப்பாதே. இணையத்தில் வடிவான படம் போட்டு, "இப்பவே முற்பணம் போடாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடும்" என்று அவசரப்படுத்துகிறவரை விட்டுவிடு. வங்கியால் இணையத்தில் அனுப்பும் இ-ட்ரான்ஸ்பர் காசு போய் அவர் கணக்கில் விழுந்தால் திருப்பி எடுப்பது பெரும்பாடு. முதல் இரண்டு கிழமையும் சித்தி வீட்டில் நின்று, பகலில் போய்ப் பார்த்து எடு. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டப்படி முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்கூட்டி வாங்கலாம். சேதத்துக்கென்று தனியாக வைப்புக் காசு கேட்க முடியாது. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரோ அவருடைய குடும்பமோ பாவிக்கும் குசினியையோ குளியலறையையோ நீயும் பாவிக்க வேண்டிய அறை என்றால், வாடகையாளரைக் காக்கும் அந்தச் சட்டம் உனக்குப் பொருந்தாது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படி அறைகள் நிறைய. எடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு வாடகை, எதெது சேர்த்தி, விடுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். சொந்தக்காரர் ஊர்க்காரர் என்பதற்காக எழுத்தை விட்டுவிடாதே. காசு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் துண்டு வாங்கு.

பேஸ்மென்ற் அறை என்றால் யன்னலைத் திறந்து பார். நெருப்புப் பிடித்தால் படியைத் தவிர வெளியேற வேறு வழி உண்டா என்று பார். புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட்டுக் கருவியும் இருக்க வேண்டும். பொத்தானை அமத்தினால் கத்த வேண்டும். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலை பெரும்பாலும் கீழேதான் இருக்கும். அது பழுதானால் வரும் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கருவி இல்லையென்றால் வாடகை எவ்வளவு குறைவென்றாலும் அந்த அறை வேண்டாம்.

இனி வேலை. உன்னை அனுப்ப வயலை ஈடுவைத்தோம், என்னுடைய காப்பு அடைவில் இருக்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தக் கடன் அப்பாவினதும் என்னுடையதும். காலபோக நெல் அறுத்து ஒரு பங்கு, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கிடைத்தால் சிறுபோகத்தில் ஒரு பங்கு என்று நாங்கள் கட்டுவோம். நீ மாதா மாதம் அனுப்பும் காசை நாங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கடனை நினைத்துத்தான் பிள்ளைகள் களவாக வேலை செய்யப் போகிறார்கள். வகுப்புத் தொடங்கமுன் வேலை தொடங்கக்கூடாது. தவணைக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் செய்யலாம். இரண்டு இடத்தில் செய்தாலும் இரண்டையும் கூட்டித்தான் 24. கல்லூரி அட்டவணையில் உள்ள விடுமுறையில், அதற்கு முன்னும் பின்னும் நீ முழுநேர மாணவன் என்றால், கூடச் செய்யலாம். பாடத்தை விட்டுப் பகுதிநேரமாக மாறினால், கடைசித் தவணையைத் தவிர, வெளிவேலை உரிமை போய்விடும்.

ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் 2025 ஒக்டோபர் முதல் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். 24 மணித்தியாலத்துக்கு 422 டொலர் வரும், கழிவுகள் போகமுன். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் அது காணும். "கைக்காசாகத் தாறன், பதிவு வேண்டாம்" என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் 17.60 ஐவிடக் குறைவாகத்தான் தருவார்கள். தராமல் விட்டாலும் கேட்க உன்னிடம் ஒரு துண்டும் இருக்காது. இன்னொருவருடைய பெயரில் உள்ள செயலிக் கணக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் அப்படித்தான். அனுமதியின் நிபந்தனையை மீறினால் மாணவர் தகுதியையே இழக்கலாம், படிப்பு முடிந்து வேலை அனுமதி கேட்கும் நேரத்திலும் அது முன்னுக்கு வந்து நிற்கும். காசு முடிந்தால் எங்களிடம் சொல்லு. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் அவசர உதவி உண்டா என்று கேள்.

குடிவரவுத் திணைக்களம், வரித் திணைக்களம் என்று போனில் மிரட்டிப் பரிசு அட்டையோ பிட்கொயினோ கேட்டால், பதில் சொல்லாமல் போனை வை. எந்த அரச அலுவலகமும் அப்படிக் காசு வாங்காது.

குளிர்ச்சட்டையைக் கொழும்பில் வாங்காதே, அங்கே போய் ஒக்டோபரில் வாங்கு. உடம்போடு ஒட்டும் உள்ளாடை, அதற்கு மேல் கம்பளியோ பிளீசோ, வெளியே காற்றுப் புகாத ஜக்கெற். பருத்தி உள்ளாடை வேர்வையில் நனைந்தால் உடம்பைக் குளிரப்பண்ணும். சப்பாத்துத் தண்ணீர் புகாததாக, அடியில் ஆழமான பிடிப்போடு, தடித்த காலுறை போட இடம்விட்டு இருக்க வேண்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரத்தம் ஓடாது, கால் விரல்தான் முதலில் விறைக்கும். காற்றோடு சேர்ந்த குளிர் -28 க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். அப்படியான நாளில் காதையும் மூக்கையும் மூடாமல் பஸ்ஸுக்கு நிற்காதே. வெறும் ஈரம்போலத் தெரியும் நடைபாதையில் கண்ணாடிப் பனி இருக்கும். அடியைச் சின்னதாக வைத்து, கையைப் பொக்கெற்றுக்குள் விடாமல் நட. மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். அதனால் பகலில் கொஞ்ச நேரமாவது வெளியே நட.

மிளகாய்த்தூளும் அரிசிமாவும் ஸ்காபரோக் கடைகளில் தாராளமாக உண்டு, பெட்டிக்குரிய 23 கிலோவில் அதற்கு அதிகம் இடம் கொடுக்காதே. பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், விதை எதுவும் வேண்டாம். கொண்டுபோகும் உணவு எல்லாவற்றையும் சுங்கத்துக்கு அறிவி. ரைஸ் குக்கரையும் கிரைண்டரையும் இங்கேயே விடு. அங்கே மின்சாரம் 120 வோல்ற், எங்களுடையது 230. போன், மடிகணினி சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் செருகி மாற்றி மட்டும் போதும்.

ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி சர்வதேச மாணவருக்கு இல்லை. கல்லூரி எடுத்துத் தரும் காப்புறுதி அட்டையைப் போனில் படமெடுத்து வை. அவசரம் என்றால் 911, வருத்தத்துக்கு ஆலோசனை கேட்பதென்றால் 811. மனம் தாங்காமல் போனால் எந்த நேரமும் 988 க்கு அடிக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எங்களுக்குக் கவலை வரும் என்று மறைக்காதே அப்பன். மறைத்தால்தான் கவலை.

நீ போய்ச் சேரும்போது நேர வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம். கார்த்திகை (நவம்பர்) மாத முதல் ஞாயிறு அங்கே மணியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதிலிருந்து பத்தரை. உனக்கு இரவு எட்டு மணி என்றால் எங்களுக்கு அப்போது விடிய ஆறரை. அப்பா வயலுக்குப் போகமுன் அந்த நேரத்துக்கு எடு. படிப்பு அனுமதி கையில் கிடைத்த அன்றே இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா