‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ திரையிடலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு…

நண்பர்களுக்கு வணக்கம்.

1948-இல் வந்த கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம் ஒன்றுக்கு ஞாயிறு மாலையில் அரங்கு நிறைந்தது. 78 நிமிடமும் அசையாமல் பார்த்த உங்கள் எல்லோருக்கும் முதல் நன்றி.

முன்னுரை வழங்கிய மூத்த வழக்கறிஞர் ஐயாவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். படத்தில் வரும் மூணு நம்பர் சூதாட்டத்தைப் பலகையில் எழுதியே விளக்கினார். குதிரைப் பந்தயத்தில் திரண்ட தொகையிலிருந்து மூன்று இலக்கங்கள் எடுக்கப்படும்; அந்த எண்ணில் காசு கட்டியவர்களுக்குப் பரிசு. அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 வந்தால், விடுதலை அறிவித்த 1776-ஐ நினைத்து நியூயார்க் ஏழைகள் 776-இல் காசு கட்டுவார்கள். அன்றைக்கு அதே எண்ணை விழவைத்தால், சூதாட்டம் நடத்தும் சிறிய ஆட்கள் பணம் கொடுக்க முடியாமல் திவாலாவார்கள்; டக்கர் என்ற பெரிய புள்ளி அவர்களை மொத்தமாக விழுங்கிவிடலாம். இதற்கு மூளையாக இருப்பவன் வக்கீல் ஜோ மோர்ஸ். விழப்போகிற சிறிய ஆட்களில் அவனுடைய சொந்த அண்ணன் லியோவும் ஒருவர்! ஜோ எங்கே சட்டத்தை மீறுகிறான், எங்கே சட்டத்தைக் கொண்டே காரியம் சாதிக்கப் பார்க்கிறான் என்று ஐயா பிரித்துக் காட்டிய பிறகு, ஜோவாக நடித்த ஜான் கார்ஃபீல்டின் முகத்தை நாங்கள் வேறு கண்ணோடு பார்த்தோம். வந்திருந்த சட்டக் கல்லூரி மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

தமிழில் வசன வரிகள் எழுதிய ஆசிரியைக்கு நன்றி. இயக்குநர் ஏப்ரகாம் பொலான்ஸ்கியின் பாத்திரங்கள் கிட்டத்தட்டக் கவிதையாகவே பேசுகிறார்கள். அந்தத் தாளம் தமிழிலும் இருந்தது. அண்ணனும் தம்பியும் மோதும் காட்சியில் பின்வரிசையில் யாரோ விம்மியது எங்களுக்குக் கேட்டது.

படம் முடிந்ததும் பொலான்ஸ்கியைப் பற்றிப் பேசிய வரலாற்றுத் துறை நண்பருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 1951-இல், திரைத்துறையில் கம்யூனிஸ்ட்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சாட்சி சொல்ல மறுத்ததால் பொலான்ஸ்கி, ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டவர்களின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். அடுத்த படத்தை அவர் இயக்கியது 1969-இல்தான். கார்ஃபீல்டோ 1952-இல், 39 வயதில் இறந்துபோனார். இதைக் கேட்டபின் உடனே எழுந்துபோக யாருக்கும் மனம் வரவில்லை.

வாடகை வாங்காமல் கூடம் தந்த நூலகத்தார், ஒலியைச் சரிசெய்த தம்பி, தேநீர் கொடுத்த அக்கா எல்லோருக்கும் அன்பு.

தமிழ் வசனக் கோப்பு வேண்டுவோர் கேளுங்கள். ஆசிரியை பகிரச் சம்மதித்திருக்கிறார்.